பால் படாத தட்டு

சிறையின் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ரொட்டிக்காரி தலை நிமிராமல் ஒவ்வொரு தட்டாக சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த தட்டுக்காகக் கரண்டியை நீட்டியபோது தட்டு வரவில்லை. ஒரு கை வந்து அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தது. என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் பரிமாறும் மேடையின் எஃகு விளிம்பில் அவள் முகம் மோதியது. தலையைத் தூக்கி மறுபடியும் இடித்தது அந்தக் கை. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சூப் பாத்திரத்துக்குள் சொட்டியது.

“யாருன்னு தெரியுதாடி?”

காதோரம் கேட்ட அந்தக் குரல் அவளுக்கு நன்றாகப் பழகிய குரல். செத்துப்போன கணவனின் தங்கை. அவளுடைய நாத்தனார்.

வார்டர்கள் ஓடி வந்து தடியால் அடித்தார்கள். முதுகில் விழுந்தது, முழங்கையில் விழுந்தது. நாத்தனார் பிடியை விடவில்லை. பின்னால் வந்த ஒரு வார்டர் முழங்காலின் பின்பக்கம் ஓங்கி அடித்த பிறகுதான் மடிந்து விழுந்தாள். விழுந்தபோதும் அவள் விரல்களுக்கிடையே ஒரு கற்றை மயிர் இருந்தது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும்போது கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போனாள்.

“இவ எங்க அண்ணனக் கொன்னவ. இவ கையால வாங்கித் தின்றீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல?”

ரொட்டிக்காரி உடைந்த பல்லைக் கையில் துப்பிப் பார்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ரத்தம் விழுந்த சூப்பைக் கொட்டிவிட்டு, மீதிப் பேருக்கு வேறு பாத்திரத்திலிருந்து ஊற்றினாள். அடி வாங்குவது அவளுக்குச் சிறையில் புதிதல்ல. சிறைக்கு வெளியிலும் புதிதாக இருந்ததில்லை.

அவளும் கணவனும் ஒரு ரொட்டிக்கடை வைத்திருந்தார்கள். கீழே கடை, மாடியில் வீடு. கணவனுக்கும் அவன் தங்கைக்கும் பிறவியிலேயே பசும்பால் ஆகாது. வயிறு உப்பிப் பொருமுகிற ரகமில்லை அது. ஒரு சொட்டு உள்ளே போனால் உதடு தடிக்கும், உடம்பெல்லாம் செந்தடிப்பு எழும்பும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்துக்கொள்ளும். பசும்பால்தானே ஆகாது என்று யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, சின்ன வயதில் அண்ணனுக்கு ஆட்டுப்பால் சீஸ் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கும் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் ரொட்டிக்காரிக்கு முதலில் திறந்து காட்டியது நகைப்பெட்டியை அல்ல. தொடையில் குத்த வேண்டிய அலர்ஜி ஊசி இருக்கும் இழுப்பறையைத்தான்.

ஆகாத பொருள்மேல்தான் அவனுக்கு ஆசை. கடைக்கு வருகிறவர்கள் உருகி வழிகிற சீஸை நூல் நூலாக இழுத்துத் தின்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அவனுக்காக அவள் கற்றுக்கொண்டாள். முந்திரியை ஊறவைத்து அரைத்துப் புளிக்க வைத்துப் பார்த்தாள். சூரியகாந்தி விதையில் செய்தாள், பாதாமில் செய்தாள். கடைசியில் சோயாவும் உருளைக்கிழங்கு மாவும் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சூட்டில் இழுபடுகிற பதத்தைப் பிடித்தாள். அதைத் தின்ற அன்றைக்கு அவன் அவளைத் தூக்கிச் சுற்றினான். பதம் தவறி மாவாக வந்த நாட்களில் அதே கை அவளை அறைந்தது. முதலில் வெறும் அறை, பிறகு பெல்ட், பிறகு கையில் எது அகப்படுகிறதோ அது. ஒருமுறை அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டித் தகட்டை அவள் தோளில் வைத்து அழுத்தினான். தங்கை அப்போது அங்கேதான் நின்றாள். அண்ணனுக்குக் கோபம் வருகிற மாதிரி ஏன் அண்ணி நடந்துகொள்கிறீர்கள் என்று கேட்டபடியே பிறகு மருந்து தடவிவிட்டாள்.

கடைசி நாளன்று அவன் அவளைச் சமையல் மேடையில் சாய்த்துக் கழுத்தை நெரித்தான். மூச்சுக்குத் தவித்துப் பின்னால் துழாவிய கையில், கேக்குக்காகக் காய்ச்சி வைத்திருந்த பால் பாத்திரம் அகப்பட்டது. தூக்கி அவன் முகத்தில் வீசினாள். கண்ணிலும் மூக்கிலும், அலறுவதற்காகத் திறந்த வாயிலும் பால் போனது. சூட்டுக் காயம் அவனைக் கொல்லவில்லை. பால் கொன்றது.

கோர்ட்டில் அரசு வக்கீல் அதிகம் பேசவில்லை. பால் சேர்க்காமல் சீஸ் செய்யத் தெரிந்தவளுக்கு, பால் தன் புருஷனுக்கு விஷமென்று தெரியாதா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் கழுத்திலிருந்த விரல் தடங்களைப் பற்றி அவளுடைய வக்கீல் பேசியது எடுபடவில்லை. அலர்ஜி ஊசி உடைந்து அடுப்புக்கடியில் கிடந்தது. அதைப் போடத்தான் முயன்றேன் என்று அவள் சொன்னாள். நீயே உடைத்திருப்பாய் என்றார்கள். ஆயுள் தண்டனை.

எடுத்ததற்கெல்லாம் கை ஓங்குகிற குணம் தங்கைக்கும் இருந்தது. அண்ணன் போன பிறகு அதற்குக் கடிவாளமே இல்லை. சந்தையில் ஒருவனோடு வாய்த்தகராறு முற்றி, எடைக்கல்லால் அவன் மண்டையைப் பிளந்தாள். அவன் பிழைத்துக்கொண்டான், அவள் சிறைக்கு வந்தாள். பெண்களுக்கென்று அந்தப் பக்கத்தில் இருந்தது அந்த ஒரே சிறைதான்.

சிறைச் சாப்பாடு பால்மாவில் மிதந்தது. மலிவாக மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதால் ரொட்டியில் பால்மாவு, கஞ்சியில் பால்மாவு, சூப் கெட்டியாக வேண்டும் என்பதற்காக அதிலும் பால்மாவு. ரொட்டிக்கு நடுவில் வைக்கிற சீஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தனி செல்லிலிருந்து வெளியே வந்த நாத்தனார், பசி தாங்காமல் ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, தடித்துப்போன உதட்டோடு மருத்துவ அறைக்குத் தூக்கிச் செல்லப்பட்டாள். டாக்டர் அவளுக்காக இரண்டு அலர்ஜி ஊசிகளை வரவழைத்தார். கைதியின் கையில் ஊசி கொடுக்க விதி இடம் தராது. சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய வார்டர் அறையில், கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி நர்ஸிடம்.

அதன் பிறகு நாத்தனாருக்கு வெந்த உருளைக்கிழங்கும் உப்பும்தான். தன் பங்கு பற்றாமல் பக்கத்துத் தட்டில் கை வைத்தாள், தடுத்தவளின் காதைக் கடித்தாள், மறுபடி தனி செல்லுக்குப் போனாள். திரும்பி வந்தபோது தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. சமையலறைப் பொறுப்பில் இருந்த அதிகாரியம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. பட்டினியில் அவள் விழுந்துவிட்டால் தன் தலைதான் உருளும் என்று ரொட்டிக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள். பால் இல்லாத சீஸ் செய்யத் தெரியுமாமே, வார்டில் பால் ஒத்துக்கொள்ளாத வேறு சிலரும் இருக்கிறார்கள், எல்லோருக்குமாகச் செய் என்றாள். முடியாது என்று சொல்ல ரொட்டிக்காரி வாயைத் திறந்தாள். உடைந்த பல்லின் முனை நாக்கில் குத்தியது. சரி என்றுதான் சொன்னாள்.

சோயாவை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பிழிந்தாள். அந்தப் பாலைக் கொதிக்கவிட்டு வினிகர் விட்டதும் திட்டுத் திட்டாகத் திரிந்தது. துணியில் கட்டி, மேலே தண்ணீர் நிரப்பிய டின்னை வைத்து அழுத்தினாள். இறுகிய கட்டியை மறுபடி அரைத்து, உருளைக்கிழங்கு மாவும் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கை ஓயாமல் கிளறினாள். அதற்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு துணி. வேறு யாரும் தொடாதபடி தனி ஆணியில் மாட்டி வைத்தாள். செய்துகொண்டிருக்கும்போதெல்லாம் தோளில் பழைய தழும்பு அரித்தது.

முதல் நாள் கொடுத்த தட்டு அவள் மார்பிலேயே வந்து மோதியது. மறுநாள், நீ முதலில் தின்னு என்றாள் நாத்தனார். ரொட்டிக்காரி ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று காட்டினாள். நாத்தனார் சிரித்தாள்.

“நீ தின்னா எனக்கென்னடி தெரியும்? உனக்குத்தான் பால் ஒத்துக்குமே.”

அவள் கண் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த குச்சியிடம் போய் நின்றது. ஆள் அவ்வளவு ஒல்லி என்பதால் அந்தப் பெயர். பால் பட்டால் குச்சிக்கு வயிறு முறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஆனால் சோதித்துப் பார்க்க நாத்தனாருக்கு அதுவே போதும். குச்சியின் தாடையைப் பிடித்து வாயைப் பிளந்து ஒரு துண்டைத் திணித்தாள். துப்பிவிடாதபடி வாயைப் பொத்தினாள். பிறகு பிடரியைப் பிடித்து மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, எப்போது வயிற்றைப் பிடிக்கப் போகிறாள் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை விடு என்று குறுக்கே போன ரொட்டிக்காரிக்கு முழங்கையால் ஒரு இடி கிடைத்தது.

குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. நாத்தனார் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அண்ணன் வீட்டு ருசி அது. அவள் கண் கலங்கியதை ரொட்டிக்காரி பார்த்துவிட்டாள். பார்த்த குற்றத்துக்காக மேசைக்கடியில் முழங்காலில் ஒரு உதை வாங்கினாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. குச்சியின் வாயில் திணிப்பாள், காத்திருப்பாள், பிறகு தட்டை வழித்துத் தின்பாள். தின்பது ரொட்டிக்காரியின் கையால், அடிப்பதும் அவளையே. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று ரொட்டிக்காரி மருத்துவ அறையில் சொன்னதை நர்ஸ் நம்பவில்லை, கேட்கவும் இல்லை. குச்சியின் பிடரியில் விரல் தடம் ஆறுவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

அந்த வார்டை அதுவரை கைக்குள் வைத்திருந்தவள் லாரி. வெளியே இருந்தபோது லாரி ஓட்டியவள், ஆளும் அதற்கேற்ற வாட்டசாட்டமாகத்தான் இருந்தாள். சமையலறையில் மூட்டை தூக்குவது அவள் வேலை. ஜன்னலோரப் படுக்கைக்காக வந்த சண்டையில் நாத்தனார் அவளுடைய நடுவிரலைப் பின்னால் வளைத்து ஒடித்திருந்தாள். எல்லோர் முன்னாலும் லாரி அழுதாள். விரல் ஒடிந்ததைவிட அந்த அழுகைதான் அவளுக்கு ஆறவில்லை.

ஒருநாள் காலை, பால்மாவு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் ரொட்டிக்காரியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவளுக்கு ஒரு ஸ்பூன் போதும்ல?”

“அந்தப் பேச்சு என்கிட்ட வேண்டாம்.”

“ஏன்? நீ ஏற்கெனவே ஆயுள் தண்டனை. இதுக்கு மேல உன்ன என்ன பண்ணிடுவாங்க? அண்ணன அனுப்பின வழியிலயே தங்கச்சியையும் அனுப்பிட்டு நிம்மதியா இரு.”

ரொட்டிக்காரி சட்டியைத் தேய்த்தாள். ஆனால் அன்று மாலை நாத்தனார் அவள் கையைக் கழிவறைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று அண்ணனின் பிறந்தநாளாம், அது உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள், இவள் நினைவில்லை என்று சொல்லியிருக்கிறாள். விரல் நகங்கள் கறுத்து, கை மணிக்கட்டு வரை புடைத்துக்கொண்டது.

மறுநாள் முற்பகல் அந்தக் கையோடு சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் வலி தோள்வரை ஏறியது. எப்போது மூட்டையிடம் போனாள், எப்போது திரும்பி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பார்த்தால், சட்டிக்கு மேலே கரண்டி நிறையப் பால்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வீங்கியிருந்த அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. மாவை மூட்டையில் கொட்டி வாயை இறுக்கிக் கட்டினாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கரண்டியையும் கொதிநீரில் போட்டாள். அதற்குள் காய்கறி வண்டி வந்துவிட்டதென்று அதிகாரியம்மா கூப்பிட, அடுப்பைத் தணித்துவிட்டுப் போனாள்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து லாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் நாத்தனார் வழக்கம்போல் குச்சியின் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள், காத்திருந்தாள். பால் பட்டிருந்தாலும் குச்சியின் வயிறு உடனே காட்டிக்கொடுக்காது, மாலை ஆகும். இத்தனை நாளில் நாத்தனாருக்கு அது புரியவே இல்லை. பசியும் பொறுமையைத் தின்றது. குச்சியை விட்டுவிட்டுத் தன் தட்டை வழித்தாள்.

முதலில் கழுத்தைச் சொறிந்தாள். பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். பெஞ்சிலிருந்து எழுந்து ரொட்டிக்காரியை நோக்கி நடந்தாள். நடை தள்ளாடியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. மேசையைப் பிடித்துத் தட்டுகளோடு சேர்ந்து கீழே விழுந்தாள். பெண்கள் பெஞ்சுகளின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டப் போகவில்லை. அவளிடம் அடி வாங்காதவர்கள் அங்கே குறைவு.

லாரி மெதுவாக ரொட்டிக்காரியின் அருகில் வந்தாள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த குச்சி பக்கத்தில் இருப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

“உனக்குக் கை வரல. அதான் நானே போட்டேன். சும்மா வேடிக்கை பாரு.”

ரொட்டிக்காரி ஓடினாள். கையில் சூப் கரண்டி அப்படியே இருந்தது. வார்டர் அறையில் இருந்தவளிடம், மூச்சு நின்றுகொண்டிருக்கிறது, ஊசி வேண்டும் என்றாள். நர்ஸ் அடுத்த கட்டிடத்துக்குப் போயிருக்கிறார், சாவி அவரிடம், ஆள் அனுப்புகிறேன் என்றாள் வார்டர். அதுவரை தாங்காது, கண்ணாடியை உடைத்தாவது கொடுங்கள் என்று இவள் கெஞ்சினாள். வார்டர் எழுந்து குறுக்கே நின்றாள், தடியைக் கையில் எடுத்தாள். ரொட்டிக்காரி இரும்புக் கரண்டியை ஓங்கி அவள் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. முழங்கையால் கண்ணாடியை உடைத்து, கிழிந்த கையோடு இரண்டு ஊசிகளையும் அள்ளிக்கொண்டு திரும்பி ஓடினாள். வழியில் யாரோ முதுகில் அடித்தார்கள். விழுந்தாள். தவழ்ந்தே போய்ச் சேர்ந்தாள்.

நாத்தனாரின் முகம் நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் உயிரோடு இருந்தது. மேலே குனிகிற முகம் யாருடையது என்று தெரிந்ததும் அந்தக் கண்ணில் வந்த வெறியை ரொட்டிக்காரி முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறாள். குத்து தாடையில் விழுந்தது. முதல் ஊசி தெறித்து பெஞ்சுக்கடியில் போனது. நகங்கள் கண்ணருகே கிழித்தன. கையைப் பிடிக்கப்போனால் கடித்தாள். சாகிறவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வந்ததோ.

“குச்சி, காலப் பிடி.”

குச்சி அசையவில்லை. பிடரியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“உன்னக் கெஞ்சிக் கேக்கறேன். பிடி.”

குச்சி வந்து நாத்தனாரின் கால்கள்மேல் உட்கார்ந்தாள். ரொட்டிக்காரி தன் கையை மடக்கி, நாத்தனாரின் முகத்தில் மொத்த பலத்தையும் சேர்த்து ஒரு குத்து விட்டாள். உதடு கிழிந்து தலை சாய்ந்த அந்த நொடியில், துணிக்கு மேலேயே தொடையில் ஊசியைக் குத்தி அழுத்திப் பிடித்தாள். வார்டர்களின் தடிகள் அவள் முதுகிலும் தலையிலும் விழுந்துகொண்டிருந்தன. கொலை செய்கிறாள், இழுங்கள் என்று யாரோ கத்தினார்கள். அவள் அழுத்திய கையை எடுக்கவில்லை. ஒரு விலா எலும்பு முறிந்தது அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நாத்தனாரின் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டு, கிழிந்த துருத்தி மாதிரி காற்றை உள்ளே இழுத்தது.

விலாவில் கட்டோடு ரொட்டிக்காரியைத் தனி செல்லில் அடைத்தார்கள். சீஸ் செய்தவள் அவள், பழைய வழக்கும் அதே வழக்கு, விசாரணைக்கே வேலையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குச்சி தான் கேட்டதைச் சொன்னாள். பயத்தில் அவள் உளறுவதாக எழுதிக்கொண்டார்கள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வார்டுக்குத் திரும்பியதும் முதலில் தேடியது குச்சியை. ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் என்ன நடந்தது என்று கேட்டாள். அடிக்கவில்லை, கேட்டாள். பிறகு தன் கட்டிலின் கழன்ற காலைப் பிடுங்கிக்கொண்டு லாரியிடம் போனாள். லாரி தூங்கிக்கொண்டிருக்கவில்லை, நாத்தனார் பின்னாலிருந்தும் வரவில்லை. எழுந்திரு என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தாள். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. வலியில் லாரி வார்டர்கள் முன்னாலேயே, நான்தான் போட்டேன், இவளை என்னிடமிருந்து இழுங்கள் என்று குழறினாள். அப்படித்தான் உண்மை வெளியே வந்தது. அப்படித்தான் நாத்தனாரும் பக்கத்துத் தனி செல்லுக்கு வந்து சேர்ந்தாள்.

இரண்டு செல்லுக்கும் நடுச்சுவரில் கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டர் கண் அசரும் நேரத்தில் அதன் வழியாகக் குரல் வந்தது.

“இருக்கியா?”

“இருக்கேன்.”

நாத்தனாரின் குரல் துளைக்கு இன்னும் அருகில் வந்தது.

“உன் கையில ஊசி இருந்தது எனக்குத் தெரிஞ்சுது. அத எனக்குப் போடத்தான் வர்றேன்னும் தெரிஞ்சுது. ஆனாலும் உன் மூஞ்சியப் பார்த்ததும், கொல்ல வர்றா, அடின்னுதான் தோணுச்சு.”

ரொட்டிக்காரி சுவரில் சாய்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணனும் அப்படித்தான் அடிச்சானா?”

“ஆமா. முதல் அடியிலயே ஊசி தெறிச்சு அடுப்புக்கடியில போயிடுச்சு. படுத்துக் கைய விட்டுத் தேடினேன். எட்டல. எட்டினப்ப அது உடைஞ்சிருந்துச்சு.”

“வேற ஊசி இல்லையா வீட்ல?”

“ஒண்ணுதான். இன்னொண்ணு வாங்கி வைங்கன்னு சொல்லிட்டே இருந்தேன்.”

சுவரின் அந்தப் பக்கம் தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. தலையை முட்டிக்கொள்கிறாள் என்று புரிந்தது. நிறுத்து என்று இவள் சொன்னாள். மறுபடி சொன்னாள். நின்றது.

“பால ஊத்தும்போது அது பால்னு தெரியாதா உனக்கு?”

“கழுத்துல அவரு கை இருந்துச்சு. கையில என்ன அகப்பட்டுச்சுன்னே தெரியல. ஊத்தினப்புறம்தான் தெரிஞ்சுது.” நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள். “உன் விஷயத்துல அப்படி இல்ல. லாரி போடறதுக்கு முன்னாடி நான் போடப் பார்த்தேன். கரண்டியில அள்ளிட்டேன். அப்ப எனக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு.”

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. சிரிப்புதானா என்றும் சொல்ல முடியாது.

“போட்டிருந்தாலும் கேக்க ஆளில்ல. நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத.”

“நானும் உன்ன மன்னிக்கல. என் தோள்ல தகட்ட வச்சப்ப நீ பார்த்துட்டு நின்ன.”

“நின்னேன்.” குரல் தாழ்ந்தது. “குறுக்க வந்தா அடுத்தது எனக்கு, அண்ணி. கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி வரைக்கும் அவன் அடிச்சது என்னத்தான். நீ வந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன். எதுக்குன்னு இப்ப புரியுதா?”

ரொட்டிக்காரிக்குப் புரிந்தது. எழுந்து துளையின் அடியில் போய் நின்றாள். அதற்குள் தாழ்வாரத்தில் வார்டரின் செருப்புச் சத்தம் கேட்டது.

விசாரணையில் நாத்தனார், ரொட்டிக்காரி தன்னைக் காப்பாற்றினாள் என்று சொன்னாள். அண்ணன் கழுத்தை நெரித்ததையும் ரொட்டித் தகட்டையும் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, அது முடிந்துபோன வழக்கு, இங்கே நடந்ததை மட்டும் சொல் என்றார்கள். லாரிக்கு விஷம் வைத்த குற்றத்துக்குத் தண்டனை கூடியது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் மாதக்கணக்கில் அவளுக்குக் குழாய் வழியாகப் பால்கஞ்சிதான். அதைச் சொல்லிச் சொல்லி குச்சி சிரித்தாள். வார்டரின் மணிக்கட்டை முறித்ததற்காக ரொட்டிக்காரிக்கும் தண்டனை கூடியது. செய்தது தப்பென்று தெரிகிறதா என்று கேட்டார்கள். அந்த வார்டரம்மாவின் கைக்காக வருத்தப்படுகிறேன், மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் மறுபடியும் அடிப்பேன் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். சமையலறைப் பக்கம் அவள் தலை காட்டக்கூடாது என்று சலவைக்கு மாற்றினார்கள்.

நாத்தனாரைத் தூரத்தில் இருக்கிற வேறு சிறைக்கு அனுப்ப உத்தரவு வந்தது. அனுப்புகிற அன்று கையில் விலங்கோடு சலவைக் கூடத்தின் வழியாகத்தான் வெளிவாசலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். மறுபடி உருளைக்கிழங்கில் காலம் தள்ளியதில் கன்னம் ஒட்டியிருந்தது. உதட்டில் ரொட்டிக்காரி குத்திய இடம் கோணலாக ஆறியிருந்தது. ரொட்டிக்காரி நீராவிக்கு நடுவே படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். நாத்தனார் நின்றாள். வார்டர் முதுகில் தள்ளினாள், நகரவில்லை.

“அங்க யாரு எனக்குச் செஞ்சு போடுவா? எப்படிச் செய்யறதுன்னு சொல்லு.”

ரொட்டிக்காரி பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே வேகவேகமாகச் சொன்னாள். ஊறவைப்பது, அரைப்பது, வினிகர் எப்போது, பாரம் எவ்வளவு நேரம். நாத்தனார் உதடு அசைய ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். உருளைக்கிழங்கு மாவைச் சொல்லும்போதே வார்டர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நாத்தனார் ஒருத்தியின் காலை மிதித்தாள், தோளில் ஒரு அடி வாங்கினாள், கழுத்தைத் திருப்பிக்கொண்டே போனாள்.

“உப்பு எப்ப?”

“கடைசியில. அடுப்ப அணைச்சிட்டு.”

வாசல் கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. அவளை வெளியே தள்ளினார்கள். அப்போதுதான் ரொட்டிக்காரிக்கு முக்கியமானது ஒன்று விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. துணியைப் போட்டுவிட்டு, ஈரத்தரையில் வழுக்கியபடி வாசலை நோக்கி ஓடினாள்.

“சின்னவளே, சட்டி கரண்டியெல்லாம் தனியா வச்சுக்கோ. வேற யாரையும் தொட விடாத.”

கதவு சாத்திவிட்டது. வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல், சலவைப் பொறுப்பாளி அதட்டுகிறவரை ரொட்டிக்காரி அந்தக் கதவின்முன் நின்றுகொண்டிருந்தாள்.